சுறா வறையும் நாலு மாதப் பிள்ளையின் நிறையும்

தங்கச்சி, வாழைச்சேனையில் மாமி கிழமைக்கு மூன்று நாள் உங்களுக்குச் சுறா வறை தருகிறார், நாலு மாதப் பிள்ளைக்கு நிறை கூடவில்லை, சுறாவில் இருக்கும் பாதரசம்தான் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயந்து பால் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலில் போகும் பாதரசத்தின் அளவு குறைவு. கருவில் இருக்கும்போதுதான் அது கூடுதலாகப் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆனால் சுறா இனி வேண்டாம். சின்ன மீன்களைத் தின்று தின்று அதன் சதையில் சேர்ந்த பாதரசம் எவ்வளவு அவித்தாலும் போகாது. நிறுத்தினால் உங்கள் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் எடுக்கும். மாமியிடம் கீரி, சூடை, நெத்தலி கேளுங்கள், அவர் மனமும் நோகாது.

நிறை கூடாததற்குப் பெரும்பாலும் பால் போதாமை, அடிக்கடி வரும் சளி, வயிற்றோட்டம்தான் காரணம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் இந்தக் கிழமையே பிள்ளையின் அட்டையோடு மிட்வைஃபைப் போய்ப் பாருங்கள்.