எம்.எஸ். நோய்க்கு ஸ்டெம் செல்: நிலத்தை விற்பதற்கு முன் நான் சொல்ல வேண்டியது

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய்) என்று கண்டுபிடித்து நான்கு வருடம் ஆகிறது. ஸ்டெம் செல் ஏற்றினால் பழையபடி நடப்பார் என்கிறார்கள். நிலத்தை விற்றுச் செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

சகோதரி, என் தம்பிக்கு இதே நோய்க்கு 2019ல் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (டிரான்ஸ்பிளான்ட்) நடந்தது. அதற்கு முன்னால் ஸ்டெம் செல் என்ற அதே பெயரில் ஓர் இடத்தில் பணத்தையும் காலத்தையும் தொலைத்தோம். இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். தம்பி விடியுமுன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போவான். 2015ல் ஒரு நாள் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "அக்கா, கேரளா பஸ்ஸுக்க சிவப்பு வெளுத்துப் போச்சா?" என்று கேட்டான். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் சிவப்பு வெளிறித் தெரிந்திருக்கிறது. கையை எடுத்தால் சரியாகிவிடும். இடது கண்ணை அசைத்தால் வலி வேறு. அடுத்த வருடம் இடது கால் மரத்தது. தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கரண்ட் இறங்குகிறது என்றான். எங்கள் ஊரில் தீராத நோய் என்றால் திருவனந்தபுரம்தான். அங்கே எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடித்து எம்.எஸ். என்றார்கள். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை நம் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது என்று விளக்கினார்கள். தாக்குதலைக் குறைக்க இன்டர்ஃபெரான் என்ற ஊசி ஆரம்பித்தோம். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி தாக்கியது.

அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் சொந்தக்காரர் ஒருவர் வெளியூர் கிளினிக் ஒன்றைச் சொன்னார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்களாம், மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாமாம். அப்பா பத்து சென்ட் ரப்பரை விற்றார். ஊசி போட்டு வந்த இரண்டு வாரம் தம்பி கொஞ்சம் நன்றாக நடந்த மாதிரி எங்களுக்குத் தோன்றியது. நம்ப வேண்டும் என்று இருந்தோம், அதனால் தோன்றியது. ஏழாவது மாதம் இரண்டு காலும் தளர்ந்து, கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பணம் போனதைவிட, சரியான மருந்து இல்லாமல் அந்த ஏழு மாதம் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களை எடுத்து ஊசியாகப் போடுவது ஒன்று. மஜ்ஜையிலிருந்து எடுத்த அந்த வகைச் செல்களை வைத்துப் பல நாடுகள் சேர்ந்து 144 எம்.எஸ். நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு 2021ல் வந்தது. மூளையில் புதிதாக வரும் அழற்சிப் புள்ளிகளை அது குறைக்கவில்லை. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் 2017 வழிகாட்டுதலும் இதை ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்கிறது. ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அப்பாவுக்கு இது அன்று தெரிந்திருந்தால் அந்தப் பத்து சென்ட் இன்றும் இருந்திருக்கும்.

இன்னொன்றுதான் உண்மையான மாற்று சிகிச்சை. ரத்தப் புற்றுநோய்க்குச் செய்வது போன்றது. அதிலும் பழுதான நரம்பை ஸ்டெம் செல் சரி செய்வதில்லை. வேலை செய்வது கீமோ. தவறாகப் பழகிப்போன எதிர்ப்பு சக்தியைக் கீமோ துடைத்து எடுக்கிறது. முன்பே எடுத்துவைத்த சொந்தச் செல்களைத் திருப்பி ஏற்றுவது, காலியான மஜ்ஜையில் ரத்தம் மறுபடி ஊறுவதற்காக. எங்கள் டாக்டர் இதைச் சொன்ன விதம் மறக்காது: "விளைந்த வயலைக் களையோடு சேர்த்து உழுதுவிட்டு, எடுத்துவைத்த விதையை மறுபடி விதைக்கிறோம்."

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு கீமோ, பிறகு மஜ்ஜையிலிருந்து செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வர ஊசி. அப்போது இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது அவனுக்கு. டயாலிசிஸ் மாதிரி ஒரு மிஷினில் ரத்தத்தைச் சுற்றவிட்டுச் செல்களைப் பிரித்து உறைய வைத்தார்கள். அடுத்த முறை அட்மிட் ஆனபோது கடுமையான கீமோ, கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்க, முயலிலிருந்து தயாராகும் ஏ.டி.ஜி. என்ற மருந்து. அது ஏறிய அன்று கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். செல் ஏற்றிய நாள் நாங்கள் என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தோம். தக்காளிச் சாறு நிறத்தில் சின்னப் பை, அரை மணி நேரத்தில் முடிந்தது. உறைய வைக்கச் சேர்க்கும் மருந்தின் வாசம் அறை முழுக்க, வேகவைத்த சோளம் மாதிரி. "இவ்வளவுதானாக்கா?" என்றான்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். எதிர்ப்பு சக்தி பூஜ்ஜியம். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில். அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று, "மக்களே, ஒரு வாய் கஞ்சி குடி" என்று கையைக் காட்டிக் கெஞ்சுவாள். மரச்சீனிக் கிழங்கு கேட்டான், நன்றாக வெந்தது, அப்போதே அவித்தது என்றால்தான் உள்ளே விட்டார்கள். தினமும் காலையில் நர்ஸ் சொல்லும் வெள்ளணு எண்ணிக்கையைக் காலண்டர் தாளில் குறித்து வைத்தேன். 100, 100, 100, 200. பதினோராம் நாள் 600 என்று எழுதும்போது கை நடுங்கியது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பலன் என்ன? அதன்பிறகு இதுவரை ஒரு தாக்குதலும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளி இல்லை. தனியாக நடக்கிறான், ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறான். ஆனால் இடது கால் இன்னும் இழுக்கிறது. சித்திரை வெயிலில் நின்றால் அன்று முழுக்கத் தளர்ச்சி. கேரளா பஸ் அந்தக் கண்ணுக்கு இன்னும் வெளுத்த சிவப்புதான். போனது பெரும்பாலும் திரும்பவில்லை, மேற்கொண்டு போவது நின்றது. சிகிச்சைக்குப் பின் கொஞ்சம் தேறுகிறவர்களும் உண்டு, ஆனால் "பழையபடி நடப்பார்" என்று யாராவது உறுதி சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இது நேற்று வந்த முறையல்ல. 1990களின் நடுவில் கிரீஸ் நாட்டில் எம்.எஸ். நோய்க்கு முதன்முதலில் செய்யத் தொடங்கினார்கள். 2019ல் வெளியான ஓர் ஆய்வில், தாக்குதல் வந்து வந்து போகும் வகை உள்ள 110 பேரை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். மருந்து எடுத்த பக்கம் 34 பேருக்கு நோய் முற்றியது, மாற்று சிகிச்சை பக்கம் 3 பேருக்கு. யாரும் இறக்கவில்லை. ஆனால் ஓக்ரெலிசுமாப் போன்ற பலமான புது மருந்துகளோடு அதில் ஒப்பிடவில்லை. கனடாவில் இன்னும் கடுமையான கீமோவோடு 24 பேருக்குச் செய்ததில், பிழைத்தவர்களுக்குத் தாக்குதல் திரும்பவே இல்லை, ஆனால் ஒருவர் சிகிச்சையிலேயே இறந்தார். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒருவரையும் நினைத்துக்கொண்டுதான் நாங்கள் போட்டோம்.

உங்கள் கணவருக்கு இன்னும் தாக்குதல் வருகிறதா? கடைசி எம்.ஆர்.ஐ.யில் சாயம் ஏறும் புள்ளி, அதாவது நடப்பு அழற்சி, இருக்கிறதா? நடக்க முடிகிறதா? நல்ல மருந்து கொடுத்தும் நிற்கவில்லையா? இதற்கெல்லாம் ஆம் என்றால் பேச வேண்டிய நேரம் இதுதான், தள்ளிப் போடாதீர்கள். தாக்குதல் நின்று, மெல்ல மெல்லத் தளர்வு மட்டும் கூடுகிறது என்றால் இதில் கிடைப்பது மிகக் குறைவு. அதற்காக நிலத்தை விற்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நம் நாட்டில் எம்.எஸ்.ஸுக்கு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைப் பலருக்கும் கொடுக்கிறார்கள், செலவும் இதைப் பார்க்கக் குறைவு. அதைக் கொடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அக்வபோரின்-4 ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். எம்.எஸ். மாதிரியே தெரியும் என்.எம்.ஓ. என்ற நோயா என்று பார்க்கத்தான் அது. அந்த நோய் வேறு, மருந்தும் வேறு.

இன்னொரு விஷயம், எங்கள் வீட்டில் பேசவே கூச்சப்பட்டது. கீமோவால் குழந்தை பெறும் திறன் போகலாம். தம்பிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. டாக்டரே எடுத்துச் சொன்னதால் முன்கூட்டியே விந்தணு சேமித்து வைத்தோம். உங்களுக்குக் குழந்தை வேண்டும் என்றால் முதல் கீமோவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். சிகிச்சை முடிந்தபின் கைக்குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசிகளையும் மறுபடி ஒவ்வொன்றாகப் போடுவார்கள். அந்தச் செலவையும், பல மாதம் வேலைக்குப் போக முடியாததையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

முதலில் எம்.எஸ். பார்க்கும் நரம்பியல் டாக்டர், மஜ்ஜை மாற்று செய்யும் ரத்தவியல் டாக்டர், இருவரிடமும் எம்.ஆர்.ஐ. சிடியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவர் மட்டும் சரி என்றால் போதாது. கடைசி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மருந்து எத்தனை மாதம் எடுத்தார் என்று கமெண்டில் எழுதுங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டு இருக்கிறது, இன்று ராத்திரியே பார்த்துச் சொல்கிறேன்.