பழைய ஜீப்பின் ஆக்ஸிலைப் பூட்டும்போது எல்லா இணைப்புக்கும் சிலிக்கானும் எல்லாப் போல்ட்டுக்கும் லாக்டைட்டும் போடலாமா?

கேட்டவரின் நிலை இது: வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் பிரித்துப் புதிய பேரிங்கும் ஆயில் சீலும் போட்டுப் பூட்டியாயிற்று. ஆறு மாதத்துக்குள் பின் டிஃபரென்ஷியல் (ஆக்ஸிலின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி) கவரில் எண்ணெய் கசிகிறது. முன் வலது சக்கரத்தில் சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்பிண்டிலின் போல்ட்கள் தளர்கின்றன. இந்த முறை எல்லா இணைப்பிலும் கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் பேக்கிங்கோடு சிலிக்கான் பசையையும் பூசி, எல்லாப் போல்ட்டுக்கும் லாக்டைட் என்ற மரைப்பசையைப் போட்டுவிட்டால் தீருமா என்று கேட்கிறார்.

தீராது, சில இடங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். ஆக்ஸிலில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் தொடுவதற்கு முன்பு, அது சுமையைத் தாங்குகிற இணைப்பா, எண்ணெயை உள்ளே நிறுத்தி வைக்கிற இணைப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிஃபரென்ஷியல் கவர் எண்ணெயை நிறுத்துகிறது. அதன் மேல் வேறு சுமை கிடையாது. முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னின் மூடிகளும் ஸ்டியரிங் ஆர்மும் ஸ்பிண்டிலும் வண்டியின் எடையையும் பாறையில் ஏறி இறங்கும் அடியையும் தாங்குகின்றன. முதல் வகைக்குப் பேக்கிங் வேண்டும். இரண்டாம் வகையில் இரும்பு இரும்போடு நேராக உட்கார வேண்டும்; நடுவில் மெத்தென்று எது இருந்தாலும் அது நாளடைவில் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் இறுக்கம் குறையும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஜீப் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவரும் வண்டி. ஒருமுறை ஒரு பட்டறையில் முன் ஆக்ஸிலை முழுதாகப் பிரித்துப் பூட்டினார்கள். ஸ்டியரிங்கோடு திரும்பும் வார்ப்பான நக்கிளிலிருந்து கிரீஸ் வழியக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், ஸ்பிண்டிலுக்கும் நக்கிளுக்கும் நடுவே தடித்த பேக்கிங் ஷீட்டை வெட்டி வைத்து, அதன் இருபுறமும் சிலிக்கான் பூசி இறுக்கியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சக்கரம் ஆடத் தொடங்கியது. வீல் பேரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை அதைத்தான் இறுக்கினேன். மூன்றாம் முறை ஹப்பைக் கழற்றியபோது ஸ்பிண்டில் போல்ட்கள் எல்லாவற்றையும் விரலாலேயே திருக முடிந்தது. போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. அந்தப் போல்ட்களுக்கு லாக்டைட்டும் போட்டிருந்தார்கள், ஸ்பிரிங் வாஷரும் இருந்தது.

போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங்கைப் போன்றது. இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. அந்த நீட்சி இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வுதான் பாகங்கள் பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது. 1969ஆம் ஆண்டு கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், போல்ட்கள் தாமாகத் திருகிக் கழல்வதற்கு மிகப் பெரிய காரணம் பாகங்களின் பக்கவாட்டு நழுவலே என்று சோதனையால் நிறுவினார். அவர் பெயரில் வழங்கும் அதிர்வுச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் போட்ட போல்ட்களும் விரைவாகத் தளர்ந்துவிடுகின்றன. முழுதாக இறுக்கிய பிறகு அந்த வாஷர் தட்டையாகிச் சாதாரண வாஷராக மட்டுமே நிற்கிறது. ஆகவே லாக்டைட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், நழுவலுக்கு இடம் கொடுக்காத இறுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் நசுங்கி இறுக்கம் போய்விட்டால், லாக்டைட் கொஞ்ச காலம் போல்ட்டைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இணைப்பு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

கிங் பின் மூடிகளில் இது இன்னும் முக்கியம். அங்கே உள்ள ஷிம்கள் (மெல்லிய உலோகத் தகடுகள்) பேரிங்கின் முன்னிறுக்கத்தை, அதாவது பூட்டும்போதே அதற்குக் கொடுக்கும் அழுத்தத்தை, தீர்மானிக்கின்றன. மேலும் கீழும் சம தடிமனில் வைத்தால்தான் ஆக்ஸில் ஷாஃப்ட், ஆக்ஸில் முனையிலுள்ள உருண்டையின் நடுவே நிற்கும். அந்த ஷிம் அடுக்கில் காகிதப் பேக்கிங்கையோ சிலிக்கானையோ சேர்த்தால், பூட்டிய அன்று சரியாக இருந்த முன்னிறுக்கம் சில நூறு கிலோமீட்டரில் காணாமல் போகும். பிறகு குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் கைக்கு அடங்காமல் உதறும். தண்ணீர் புகுந்துவிடும் என்ற அச்சத்தில்தான் பலர் அங்கே பசை பூசுகிறார்கள். நக்கிளுக்குள் கிரீஸை நிறுத்துவதும் தண்ணீரைத் தடுப்பதும் உருண்டையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரிய சீலின் வேலை. உருண்டை துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது; அதை முதலில் வழவழப்பாக்குங்கள்.

டொயோட்டா லேண்ட் குரூஸரின் பழைய முன் ஆக்ஸில்களிலும் நக்கிள் ஆர்மின் ஸ்டட்கள் தளர்ந்து முறிவது பெயர்போன கோளாறு. அங்கே கூம்பு வாஷர்கள் ஆர்மை மையத்தில் நிறுத்துகின்றன. 80 வரிசை வண்டிக்கு நிறுவனம் சொல்லும் இறுக்கம் 96 நியூட்டன் மீட்டர். எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்து, கூம்புகளைத் தட்டி உட்கார வைத்து, அந்த அளவுக்கு இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி சரிபார்ப்பவர்களுக்கு அந்தக் கோளாறு பெரும்பாலும் வருவதில்லை.

எண்ணெயை நிறுத்தும் இணைப்புக்கு வருவோம். உங்கள் பின் கவர் தகட்டால் ஆனது. கசிவு கண்டவுடன் போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவது இயல்பு; இறுக்க இறுக்கத் துளையைச் சுற்றியுள்ள தகடு உட்குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே தூக்கிக்கொள்ளும், கசிவும் கூடும். கவரைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தால் எங்கே தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களைக் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கிய பிறகே மற்ற வேலை.

அதன்பின் காகிதப் பேக்கிங் அல்லது சிலிக்கான், இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்தால், ஈரமாக இருக்கும் சிலிக்கான் வழுக்கலாகி, இறுக்கும்போதே பேக்கிங்கை வெளியே பிதுக்கித் தள்ளும். தகட்டுக் கவருக்கு என் தேர்வு சிலிக்கான்தான். அதிலும் கியர் எண்ணெயைத் தாங்கும் என்று குறிப்பிட்ட வகை. புளிக்காடி வாசம் அடிக்கும் மலிவான சிலிக்கான் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும், இரும்பை அரிக்கும். அதை வாங்க வேண்டாம். இரு பரப்புகளையும் பிரேக் கிளீனரால் எண்ணெய்ச் சுவடு இல்லாமல் துடைத்து, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் துளைகளின் உட்புறமாகச் சுற்றிவரும் ஒரே கோடாகப் பிழிந்து, போல்ட்களை விரல் இறுக்கத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். எண்ணெய் ஊற்ற மறுநாள் வரை பொறுங்கள். சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் காய்கிறது; அவசரப்பட்டு எண்ணெயில் நனைத்தால் அது தோல் போட்டு நின்றுவிடும். தாராளமாகப் பூசுவதும் தவறே. உள்ளே பிதுங்கிய துணுக்குகள் எண்ணெயோடு சுற்றி, பினியன் பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடக்கூடும்.

லாக்டைட், அனபாண்ட் போன்ற மரைப்பசைகள் இதற்கு நேர்மாறானவை. காற்றுப் படாமல், இரும்பைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் கெட்டியாகும். எண்ணெய் படிந்த மரையில் நன்றாகப் பிடிக்காது. டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் போல்ட்களுக்கு வலுவான சிவப்பு வகை பொருந்தும். அதைப் பின்னால் கழற்ற 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்பிண்டில் போல்ட்டுக்கு ஸ்பேனரால் கழற்றக்கூடிய நீல வகை போதும். வீல் பேரிங் நட்டுக்கு எதுவும் வேண்டாம்; அங்கே மடிக்கிற வாஷர் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அது புதியதாக இருக்கட்டும். பின் ஷாஃப்டின் கூம்பு முனை நட்டில், அதைத் திரும்பவிடாமல் பூட்டும் காட்டர் பின்னின் துளை நேர்ப்படவில்லை என்றால் அடுத்த வெட்டு வரும் வரை முன்னோக்கி இறுக்குங்கள். ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள்.

இறுக்கும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் திருக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் தலைக்கடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்குப் போகிறது. துருவும் பழைய பசையும் ஒட்டிய மரையில் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் போல்ட் இறுகியிருக்காது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் அறுந்துபோகவும் கூடும். ஆகவே ஒவ்வொரு துளையிலும் மரை வெட்டும் டேப்பை ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் வழித்தெடுங்கள். போல்ட் அதை அழுத்தி வார்ப்பையே வெடிக்க வைத்துவிடும். இந்த ஜீப்களின் மரைகள் பெரும்பாலும் அங்குல அளவில் இருப்பவை. 5/16 அங்குலப் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானது இரண்டு மூன்று சுற்றுப் போய் நிற்கும், அதற்குமேல் பலமாகத் திருகினால் மரை போய்விடும். பட்டறை டப்பாவிலிருந்து கைக்குக் கிடைத்த போல்ட்டை எடுத்துப் போடும் வழக்கத்தால் கெட்டுப்போன ஹவுசிங்குகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

உங்கள் வண்டியில் கவரைக் கழற்றும் முன், ஹவுசிங்கின் மேல் உள்ள, காற்று போய்வரும் பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது சேற்றால் அடைத்திருந்தால், ஓடிச் சூடான ஆக்ஸிலுக்குள் காற்று விரிந்து எண்ணெயைச் சீல் வழியாகவும் கவர் வழியாகவும் வெளியே தள்ளும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். வடித்த எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கனவே புகுந்துவிட்டது என்று பொருள்.

பிறகு முன் வலது சக்கரத்தைப் பிரித்து, ஸ்பிண்டிலுக்கும் பிரேக் தட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தடித்த பேக்கிங் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெயின்ட், பழைய பசை எல்லாவற்றையும் இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். துளைகள் நீண்டிருந்தால் அந்தப் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். புதிய போல்ட்களைக் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, தலையிலிருந்து தட்டு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 200 கிலோமீட்டர் ஓட்டியபின் டிரம்மைக் கழற்றி அந்தக் கோடுகளைப் பாருங்கள். ஒன்றேனும் விலகியிருந்தால், மறுபடி இறுக்குவதோடு விட்டுவிடாமல் அந்த இணைப்பை மீண்டும் பிரியுங்கள்.