மெழுகியவளும் கட்டியவள்தான்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் கட்டடக்கலை படிக்கிறேன். சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்களின் பழைய வீடுகளைப் பற்றி ஆய்வறிக்கை எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேரிடம் பேசினேன். மூங்கில் வெட்டி, தட்டி கட்டி, புல் வேய்ந்து ஆண்களே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்; பெண்கள் மண்ணும் தண்ணீரும் சுமந்து உதவியிருக்கிறார்கள். இன்று எல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது. இந்த மரபை மீட்க முடியுமா? எதைப் படிக்கலாம்?

க., அஸ்தம்பட்டி

அன்புள்ள க.,

மீட்பதெல்லாம் இருக்கட்டும். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளை வளர்த்தவள் கான்கிரீட் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், அதில் நாம் கண்ணீர் விட ஒன்றுமில்லை.

ஏழெட்டுப் பேர் என்கிறீர்களே தம்பி, அதில் ஒரு பெண்ணாவது உண்டா? ஊர்க்கவுண்டரையும் பூசாரியையும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால் அவர்கள் தங்கள் வேலையைத்தான் சொல்வார்கள். அந்தத் திண்ணையைப் போட்டது யார் என்று கேட்டீர்களா? கோபிக்காதீர்கள், மலையேறிப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். ஆனால் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

தட்டி கட்டி முடித்த அன்று அது வெறும் கூடை. காற்றும் மழையும் உள்ளே வரும். இருபுறமும் மண் அப்பி, காயவிட்டு, வெடிப்பை அடைத்து, சாணி கலந்து மெழுகிய பிறகுதான் அது சுவர். அதோடும் முடியாது. மண் வீட்டுக்குக் கட்டி முடித்த நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது.

அடிவாரத்தில் என் அத்தை வீடு அப்படிப்பட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் அத்தை விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வருவாள். கெட்டியாகக் கேட்டால் தாண்டிப் போவாள். பொத்தென்று கேட்ட இடத்தில் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே சுரண்டி, தண்ணீர் தெளித்து, புதுமண் வைத்து அழுத்துவாள். கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் சுவரடிதான் முதலில் கரையும். அடி கரைந்தால் சுவர் சாயும். அதற்காகவே அங்கே ஒட்டுத்திண்ணையைத் தடிப்பாகப் போட்டிருந்தாள். மண்ணை உள்ளங்கையில் திரி மாதிரி உருட்டிப் பார்ப்பாள். உடனே உதிர்ந்தால் மணல் அதிகம், புற்றுமண் சேர்ப்பாள். வெடிக்காமல் இருக்கச் சாணி, அதிலிருக்கும் நார் பிடித்துக்கொள்ளும். உங்கள் கல்லூரியில் இதற்குத் தனி ஆய்வகம் இருக்கும். நிலைப்படிக்கு மேலே என்ன இருந்தது தெரியுமா? மாமாவின் பெயரும் 1968 என்ற வருஷமும்.

அடுப்பைச் சொல்ல மறந்தேன். புகை ஏறிய கூரையில் பூச்சி தங்காது, மூங்கில் உளுக்காது. அதாவது கூரையை வேய்ந்தவன் ஒருவன், தினமும் காத்தவள் இன்னொருத்தி. அதே புகைதான் அவள் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. ஆகவே மரபு, மகிமை என்று அறிக்கையில் உருகாதீர்கள்.

எங்கும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாசோ நாட்டுக் கஸேனா மக்களிடம் ஆண்கள் சுவர் எழுப்புவார்கள். பூசிச் சித்திரம் எழுதுவது பெண்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கத்தான் உலகம் அங்கே தியேபெலே என்ற ஊருக்குப் போகிறது, 2024இல் யுனெஸ்கோவும் அங்குள்ள அரசவை வளாகத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூரில் மெழுகுவதை வீட்டுவேலை என்று தள்ளிவிட்டோம். சேலத்தில் இன்றைக்கும் எந்தக் கட்டட வேலைக்கும் போய்ப் பாருங்கள். சித்தாளாக வந்த பையன் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்னாலிருந்து கலவை சுமக்கும் அம்மா பேரன் எடுத்த பிறகும் சித்தாள்தான்.

படிப்பதைக் கேட்டிருந்தீர்கள். நியூயார்க்கில் 1964இல் பெர்னார்ட் ருடாஃப்ஸ்கி, கட்டடக்கலைஞர் இல்லாமல் எழுந்த கட்டடங்களுக்குக் கண்காட்சி வைத்தார். உங்கள் ஆசிரியர்கள் அவரைச் சொல்லியிருப்பார்கள். அவருக்கு ஏழு வருஷம் முன்னால், 1957இலேயே, பேர் தெரியாதவர்கள் கட்டிய வீடுகளைப் பற்றி சிபில் மொஹோலி-நாகி புத்தகம் போட்டுவிட்டார். அவரைச் சொன்னார்களா என்று கேட்டு எழுதுங்கள். முதலில் அவரைப் படியுங்கள்.

அதற்கும் முன்னால், மழைக்காலம் தொடங்குமுன் மறுபடி மலைக்குப் போங்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, மெழுகிக்கொண்டிருக்கும் பாட்டி யாராவது இருந்தால் மண் குழைத்துக் கொடுங்கள். எந்த இடத்து மண், எத்தனை கூடைக்கு எவ்வளவு சாணி, எந்த மாதம், யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி திட்டினால் அதையும் எழுதுங்கள்.