அக்கா முகத்துக்கு ஒரு விளக்கு இல்லையா?

கேள்வி: பழைய ஹாலிவுட் துப்பறியும் படங்களைக் கிண்டல் செய்து, கறுப்பு வெள்ளையில் 20 நிமிடக் குறும்படம் எடுத்தோம். துப்பறிவாளன் நான். ஜன்னல் நிழல் சுவரில் கோடு கோடாக விழ ஒரு ராத்திரி முழுக்க உழைத்தோம். என் அக்கா வேலைக்காரியாக ஒரு காட்சியில் வருகிறாள். அவளுக்குத் தனியாக லைட் வைக்க நேரமில்லை. இருட்டில் பல் மட்டும் தெரிந்தது, அதையே ஜோக்காக வைத்துக்கொண்டோம். படம் பார்த்த அக்கா மகள், "கறுப்பா இருந்தா சிரிக்கிறதுக்கு மட்டும்தானா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அந்தக் காலப் படங்களே அப்படித்தானே? கிண்டல் படத்திலுமா பிரதிநிதித்துவம் பார்க்க வேண்டும்?

பதில்: நாலு நாளில் அவள் கோபம் ஆறிவிடும் என்று நான் எழுத மாட்டேன், தம்பி. ஆறக் கூடாது என்றே நினைக்கிறேன்.

"லைட் வைக்க நேரமில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். சுவருக்கு ஒரு ராத்திரி இருந்தது, அக்கா முகத்துக்குப் பத்து நிமிடம் இல்லையா? நீங்கள் கிண்டல் செய்த, நிழலும் இருட்டும் நிறைந்த அந்தத் துப்பறியும் படங்களுக்கு 'நுவார்' என்று பெயர். நுவார் படம் என்பதே விளக்கு வைக்கிற கலை. எந்த முகத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று ஒருவர் யோசித்து முடிவு செய்தால்தான் அந்த இருட்டே அமையும். கறுத்த முகம் தெரியாமல் போனது தோலின் குற்றமல்ல. பக்கவாட்டில் ஒரு விளக்கை நகர்த்தியிருந்தால் நெற்றியும் கன்னமும் மின்னியிருக்கும். நீங்கள் நகர்த்தவில்லை.

அந்தக் காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹேய்ஸ் விதிகள் என்ற ஹாலிவுட் தணிக்கை விதிகள், கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதைத் திரையில் காட்டவே விடவில்லை. கறுப்பின நடிகைகளுக்குப் பெரும்பாலும் பணிப்பெண் வேடம்தான். தெரசா ஹாரிஸ் அதைப் பலமுறை ஏற்றவர். 1947-இல் வந்த 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' படத்திலும் அவர் ஓடிப்போன நாயகியின் பணிப்பெண்தான். ஆனால் அவர் வரும் காட்சியில் இரவு விடுதியில் நன்றாக உடுத்தி, துணையோடு உட்கார்ந்திருக்கிறார். துப்பறிவாளன் அவரைத் தேடி வருகிறான். நாயகி தடுப்பூசி போட்டுக்கொண்டாள் என்று அவர் சொல்வதை வைத்துத்தான் அவள் வெளிநாடு போயிருப்பதை ஊகிக்கிறான். சில நிமிடம்தான், முகம் தெளிவாகத் தெரியும். அத்தனை கெடுபிடிக்குள்ளும் அவர்களால் முடிந்திருக்கிறது.

கிண்டல் செய்ய ஆள் வேண்டுமென்றால் அந்தத் துப்பறிவாளனைச் செய்யுங்கள். எல்லாம் தெரிந்த பெண் வீட்டுக்குள்ளேயே நடமாட, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையில் துப்புத் தேடி அலைகிறானே, அவனை. கொலைகாரன் பெயர் அக்காவுக்குத் தெரிந்திருக்கட்டும். அவள் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் உங்கள் மனக்குரல் குறுக்கே வந்து வாழ்க்கைத் தத்துவம் பேசட்டும். சிரிப்பு வரும், உங்களைப் பார்த்து வரும்.

தம்பி கேட்டான் என்பதற்காக வேலைக்காரி வேடத்துக்கும் மறுக்காமல் வந்தவள் அவள். வெளியார் யாராவது அவள் நிறத்தைப் பழித்தால் முதலில் எதிர்த்து நிற்க வேண்டியவர் நீங்கள். அந்தக் கடமையை இப்போது ஒரு சின்னப் பெண் செய்திருக்கிறாள். அக்கா என்ன சொன்னாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, அப்படித்தானே?

இன்றைக்கே போய்க் கேளுங்கள். மகள் காதில் விழும்படி அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஜோக்கை வெட்டிவிட்டுக் காட்சியைத் திரும்ப எடுங்கள். அன்றைக்கு அக்கா மகளையும் கூட்டிப் போய், விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.