பிடித்த ஆல்பம் எது, யாரோடு கேட்டீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. சினிமாவுக்காகப் போட்டதில்லை, பாடல் வரிகளும் கிடையாது. மொத்தம் பத்து இசைத் துண்டுகள். தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம். இந்த விவரமெல்லாம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது என்பதுதான் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். ஒரு ரெக்கார்டிங் சென்டரில் அறுபது நிமிட கேசட்டைக் கொடுத்து இந்த ஆல்பத்தைப் பதியச் சொன்னேன். கடைக்காரர் இதிலிருந்து பாதி, 1988-இல் வந்த ராஜாவின் இன்னொரு ஆல்பமான 'நத்திங் பட் விண்ட்'டிலிருந்து பாதி என்று கலந்தடித்துக் கொடுத்துவிட்டார். அட்டையில் பச்சை மையில் 'ராஜா மியூசிக்' என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கென்ன தெரியும்? யாரும் மேலே எதையாவது பதிந்துவிடக் கூடாதே என்று கேசட்டின் முதுகில் இருக்கும் ரெண்டு பிளாஸ்டிக் காதையும் பேனா முனையால் உடைத்துவிட்டு, தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர் அறையில் வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், சின்ன வயதில் வயலின் கற்றவர். ஒருநாள் ராத்திரி கதவைத் தட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, இது எட்டாவதுல்ல? ஏழாவதைப் போடாம நேரா இதுக்கு எப்படி வந்தீங்க?" என்றார்.

திரும்பிப் போய்த் தன்னுடைய ஒரிஜினல் கேசட்டை எடுத்து வந்தார். மடித்து வைத்திருந்த அட்டையைப் பிரித்து விரலால் காட்டினார். ஏழாவது 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. எட்டாவது 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பாக்கை என் வீட்டில் பார்த்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அட, நான் இத்தனை நாளும் விருந்தாளி வந்ததே தெரியாமல் பேச்சை மட்டும் ஒட்டுக் கேட்டிருக்கிறேன்!

அன்று ஏழாவதை மூன்று முறை போட்டோம். வேகமாக ஓடும் அந்த வயலின் பாக் எழுதியதேதான்: ஈ மேஜர் என்ற சுர வரிசையில் உள்ள மூன்றாவது பார்ட்டிட்டாவின், அதாவது பல பகுதிகள் கோத்த இசைத் தொகுப்பின், முதல் பகுதி. தனி வயலினுக்கென்று எழுதப்பட்டது. ராஜா அதைத் தன்பாட்டுக்கு ஓடவிட்டு, கூடவே தன் இசையைப் பொருத்துகிறார். முதல் தடவை கேட்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். அண்ணன் முட்டியில் தட்டித் தட்டி, "இது அவர்... இப்ப இவர்" என்று பிரித்துக் காட்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இரண்டாவது துண்டின் தலைப்பில் வரும் 'ஃபியூக்' என்ன என்பதையும் அவர்தான் சொன்னார். ஒரு குரல் ஒன்றைச் சொல்லத் தொடங்கும், அது முடிவதற்குள் அடுத்த குரல் அதே சங்கதியோடு உள்ளே வரும், பிறகு இன்னொன்று. "நம்ம மேன்ஷன் பைப்படி சண்டை மாதிரி, ஆனா சுருதி சேர்ந்து" என்றார். இதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை ராத்திரி அவர் அறையில் நான்கைந்து பேர் கூட ஆரம்பித்தோம். ஒருவன், "பாட்டே இல்லையேப்பா" என்று இரண்டு வாரத்தில் கழன்றுகொண்டான். இந்த ஆல்பத்தில் வாசித்த வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே வந்தவன் இன்னொருவன். தூர்தர்ஷனில் பாலு மகேந்திராவின் 'வீடு' பார்த்தபோது, பின்னணியில் இதே ஆல்பத்தின் இசை வர, நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தியதில் வார்டனே மாடி ஏறி வந்துவிட்டார்.

நீங்கள் கேட்பதாக இருந்தால் ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். முடிந்தால் விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. இது பெரிதா, ஹரிபிரசாத் சௌராசியா குழல் வாசித்த 'நத்திங் பட் விண்ட்' பெரிதா? அண்ணன் குழல் கட்சி, நான் வயலின் கட்சி. இத்தனைக்கும் இந்த ஆல்பத்தின் ஒன்பதாவது துண்டுக்கு ராஜா வைத்த பெயர் 'டோன்ட் கம்பேர்'. போன வாரம்கூட ஃபோனில் முக்கால் மணி நேரம் கம்பேர் செய்துகொண்டிருந்தோம்.