80ஜி ரசீது இருக்கிறது, வரிச்சலுகை கிடைக்குமா?

கேள்வி: ஒரு குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்காக, ஆன்லைனில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் 2024 டிசம்பரில் 10,000 ரூபாய் கட்டினேன். ‘80ஜி உண்டு’, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கும் என்று போட்டிருந்தார்கள். ரசீதும் வந்தது. ஆடிட்டரோ 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழைக் கேட்கிறார். தளத்துக்கு எழுதினால் பதில் இல்லை. போதாததற்கு மாதாமாதம் 500 ரூபாய் கணக்கிலிருந்து போகிறது. என்ன செய்வது?

பதில்: ஆடிட்டர் கேட்பது சரிதான். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது, அலைய வேண்டாம். பழைய முறை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ரசீதைக் கையில் எடுங்கள். மேலே பெரிதாகத் தளத்தின் லோகோ இருக்கும், அதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு டிரஸ்டின் பெயர், அதன் பான் எண், 80ஜி பதிவு எண் இருக்கின்றனவா? இருந்தால் தளத்தோடு மல்லுக்கட்டாமல் அந்த டிரஸ்டுக்கே எழுதுங்கள். உங்கள் பான் எண், பணம் கட்டிய தேதி, பரிவர்த்தனை எண் மூன்றையும் கொடுங்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் டிரஸ்ட் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்துதான் உங்களுக்கு 10பிஇ வரும். பெயர் விட்டுப்போயிருந்தால் திருத்திய படிவத்தில் சேர்க்கலாம்.

அவர்கள் தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதுவும் அரசுக்குத்தான் போகும். பணம் கொடுத்த நீங்கள் டிரஸ்டின் பின்னால் அலைய வேண்டும். நல்ல சட்டம்!

ரசீதில் டிரஸ்ட் பெயரே இல்லையா? அப்படியானால் பணம் குழந்தையின் பெற்றோர் கணக்குக்குப் போயிருக்கலாம். தனிநபருக்குக் கொடுத்தது எவ்வளவு புண்ணியமானாலும் 80ஜி-யில் வராது. ‘ஆஸ்பத்திரிக்கு நேராகத்தானே போனது, அந்த ஆஸ்பத்திரியே தர்ம டிரஸ்ட்தானே’ என்பார்கள். அப்போதும் வராது. நீங்கள் கட்டியது ஒரு நோயாளியின் பில். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த நன்கொடை அல்ல. அதே சிகிச்சைக்காகப் பதிவுபெற்ற டிரஸ்ட் ஒன்று தன் பெயரில் பணம் வாங்கிச் செலவு செய்திருந்தால் மட்டும் வரும்.

இன்னொன்று. பணம் கட்டும் பக்கத்தில் ‘டிப்’ என்று ஒரு தொகையைத் தாங்களாகவே சேர்த்து வைக்கும் தளங்கள் உண்டு. அது தளத்துக்குப் போகிறது, குழந்தைக்கு அல்ல. அடுத்த முறை அதைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கட்டுங்கள்.

‘கமிஷன் கொடுங்கள், 80ஜி ரசீது ஏற்பாடு செய்கிறேன்’ என்று ரிட்டர்ன் சீசனில் வரும் புரோக்கர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போலிக் கழிவு விவகாரத்தில் 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் சோதனை நடத்தியது. புரோக்கர் நழுவிவிடுவார், நோட்டீஸ் உங்கள் பான் எண்ணுக்குத்தான் வரும்.

அப்புறம் அந்த 500 ரூபாய். யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் மாதாமாதம் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள். தளத்தின் சம்மதம் தேவையில்லை. கார்டு என்றால் வங்கியிடம் சொல்லுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு அதையும் எழுத்தில் புகாராகக் கொடுங்கள்.