ஜெனீவாவா, பெங்களூரா? ஒரு வாட்ச் மெக்கானிக்கின் 3 லட்ச ரூபாய்க் கேள்வி

கேள்வி: தர்மபுரியில் அப்பா காலத்து வாட்ச் ரிப்பேர் கடையை நடத்துகிறேன். செல் போடுவது, வார் மாற்றுவது, இதுதான் அன்றாட வருமானம். நாலு வருடமாகப் பழைய எச்.எம்.டி. வாட்சுகளை வாங்கிச் சரிசெய்து, சேகரிப்பவர்களுக்கு விற்று வருகிறேன். என்றைக்காவது சொந்தப் பெயரில் ஒரு வாட்ச் கொண்டுவரும் ஆசையும் உண்டு. கையில் 3 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஜெனீவாவில் நடக்கும் பெரிய கண்காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமா? பெங்களூரில் வாட்ச் பிரியர்கள் கூடும் சின்னக் கூட்டங்களுக்குப் போனாலே போதும் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அவர்கள் செலவை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். எனக்குக் காரணம் வேறு.

கிருஷ்ணகிரியில் வருடா வருடம் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்குப் போயிருப்பீர்கள். தட்டுத் தட்டாக ரகங்கள், பெயர் அட்டை, பரிசு வாங்கிய பழத்துக்குத் தனி இடம். பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்க்க விடுவார்களா? அதற்கு நீங்கள் போச்சம்பள்ளிச் சந்தைக்குத்தான் போக வேண்டும். விற்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார், கையில் எடுக்கலாம், "இது போன வாரத்துச் சரக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். பெரிய வாட்ச் கண்காட்சிக்கும் சின்னக் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதுதான்.

ஜெனீவாவில் நீங்கள் சொல்வது 'வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்'. 1991-ல் வேறு பெயரில், அழைப்பு இருந்தால் மட்டும் நுழையக்கூடிய சிறு வட்டமாகத் தொடங்கியது. இப்போது விமான நிலையத்தை ஒட்டிய பாலெக்ஸ்போ அரங்கில் ஏப்ரல் மாதம் ஒரு வாரம் நடக்கிறது. 2025-ல் 60 பிராண்டுகள், சுமார் 55,000 பார்வையாளர்கள். அந்த ஏழு நாளில் முதல் நான்கு நாள் கடைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும். கடைசி மூன்று நாள்தான் நம்மைப் போன்றவர்களுக்கு. 2025-ல் டிக்கெட் 70 சுவிஸ் பிராங்க், அப்போதைய நம் பணத்தில் 7,000 ரூபாய்ப் பக்கம். டிக்கெட் பெரிய செலவில்லை. விசா, விமானம், அந்த வாரம் மட்டும் எகிறிக் கிடக்கும் ஓட்டல் வாடகை, இவைதான் உங்கள் 3 லட்சத்தைத் தின்னும்.

அந்த நான்கு நாள், மூன்று நாள் பிரிவிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. வரும் வருடத்துக்கு எந்த நாட்டுக் கடைக்கு எத்தனை வாட்ச் என்று பேசி முடிப்பதற்காகக் கட்டிய மேடை அது. நமக்குக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியேதான் இடம். நான் போனபோது ஒரு அரங்கில், "பின்மூடி வழியாக மிஷினைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண் மிக மரியாதையாகச் சிரித்து ஒரு வண்ணப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். புத்தகம் நன்றாகத்தான் இருந்தது.

பெரிது என்றால் நிலையானது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜெனீவாவை விடப் பல மடங்கு பெரிதாக இருந்தது அதே சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் நடந்த கண்காட்சி. 1917-ல் பொதுச் சந்தையாக ஆரம்பித்தது, பிறகு 'பாசல்வேர்ல்ட்' என்று பெயர் மாறியது. அரங்க வாடகையும் ஆடம்பரமும் ஏறிக்கொண்டே போயின. 2018-ல் ஸ்வாட்ச் குழுமம் விலகுவதாக அறிவித்தது. 2020 ஏப்ரலில் ரோலெக்ஸ், படேக் பிலிப் உள்ளிட்டவர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். நூறு வருடத்துப் பந்தல் இரண்டே வருடத்தில் சாய்ந்தது. கொரோனா ஒரு காரணம்தான். கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பெரிய கம்பெனிகளே கணக்குப் போட ஆரம்பித்ததுதான் முதல் காரணம். ரோலெக்ஸே கணக்குப் பார்க்கும்போது நாம் பார்க்கக் கூடாதா?

சின்னக் கூட்டங்கள் வளர்ந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். நியூயார்க்கில் 2015-ல் தொடங்கிய 'விண்டப்' கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. நீளமான மேஜைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் பெரும்பாலும் அந்த வாட்சை வடிவமைத்தவரே நிற்பார். அதே வருடம் பிறந்தது துபாய் வாட்ச் வீக். அதை நடத்துவது ஒரு வாட்ச் வியாபாரக் குடும்பம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், பதிவு செய்தால் இலவசமாகவே போகலாம். பெரிய பிராண்டுகளும் வரும், தனி ஆளாக வாட்ச் செய்கிறவர்களும் வருவார்கள். வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஜெனீவாவை விட்டுவிட்டு இங்கே போங்கள். பெங்களூரிலிருந்து நாலு மணி நேர விமானம்.

ஆனால் முதலில் பெங்களூர். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு எச்.எம்.டி. வாட்ச் ஆலை வந்த ஊர் அது. 2016-ல் மத்திய அரசு அந்த வாட்ச் நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்தே பழைய ஜனதா, பைலட் மாடல்களை ஆட்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் விற்கும் சரக்கின் மதிப்பு தெரிந்தவர்கள் அங்கே ஒரு ஹாலில், ஒரு காபிக் கடை மாடியில், முப்பது நாற்பது பேராகக் கூடுகிறார்கள். ஜெனீவாவில் உங்கள் ஜனதாவை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

போகும்போது எப்படிப் போகிறீர்கள் என்பது முக்கியம். இருபது வாட்சை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஆறு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டை எழுதுங்கள்: டயல் பழையதா, மறுபடி பெயின்ட் அடித்ததா? முள் மாற்றியதா? சாவி ஒரிஜினலா? பளபளவென்று கலர் கலராக டயல் அடித்து "ஒரிஜினல்" என்று தள்ளிவிடும் ஆட்களால் எச்.எம்.டி. சந்தைக்கே கெட்ட பெயர். நீங்களே முந்திக்கொண்டு "இது ரீடயல்" என்று எழுதி வைத்தால் அந்த வாட்சுக்கு ஐந்நூறு குறையலாம், பக்கத்தில் இருக்கும் ஒரிஜினலுக்கு ஆயிரம் கூடும். வாட்சின் துடிப்பை அளந்து திரையில் காட்டும் டைம்கிராஃபர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஜனதாவின் மிஷின் மணிக்கு 18,000 துடிப்பு. அது சீராக ஓடுவதைத் திரையில் காட்டிவிட்டால் அப்புறம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட கூட்டத்தில் அன்றைக்கு நடக்கும் விற்பனை கொஞ்சம்தான். "எங்க தாத்தா வாட்ச் ஒண்ணு ஓடாம கிடக்கு, பார்த்துத் தர முடியுமா?" என்று பிறகு வரும் போன்தான் வருமானம். சாவி கொடுக்கும் வாட்சைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடத் தெரிந்த கை இப்போது அபூர்வம்.

சொந்த வாட்ச் ஆசைக்கு வருகிறேன். அதற்கு ஜெனீவாவும் உதவாது, பெங்களூர்க் கூட்டமும் பாதிதான் உதவும். கேஸ் என்கிற வெளிக்கூடு, டயல், முள் செய்து கொடுப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாங்காங். அங்கே செப்டம்பரில் நடக்கும் வாட்ச் கண்காட்சி பகட்டு இல்லாத தொழில் சந்தை. இந்தியர்கள் ஆன்லைனில் முன்பதிவு செய்துகொண்டால் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் அங்கே முதல் கேள்வியே "எத்தனை பீஸ்?" என்பதுதான். ஒரு மாடலுக்கு 300 என்று கேட்டால் திகைக்கக் கூடாது. சீக்கோவின் என்.எச்.35 போன்ற, எங்கும் கிடைக்கும், நீங்களே சர்வீஸ் செய்யக்கூடிய மிஷினை மனதில் முடிவு செய்துகொண்டு போங்கள். அந்த 300 வாட்சை வாங்கப்போகிறவர்கள் யார் என்று தெரியாமல் மட்டும் போகாதீர்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு வருடம் பெங்களூர்க் கூட்டங்களுக்குப் போகச் சொல்கிறேன்.

ஜெனீவா வேண்டவே வேண்டாமா? பார்க்க வேண்டிய ஊர்தான். படேக் பிலிப் மியூசியத்தில் பல நூற்றாண்டு வேலைப்பாட்டைக் கண்ணெதிரே பார்க்கலாம், அதற்குக் கண்காட்சி வாரமே தேவையில்லை. ஓட்டல் மலிவாகக் கிடைக்கும் மாதத்தில், கடை நன்றாக ஓடும் ஒரு வருடத்தில் போய்க்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லார் கண்ணும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் போகும். இரவல் வாங்கிய வெளிநாட்டு வாட்ச் வேண்டாம். நீங்களே பிரித்துச் சேர்த்த ஒரு ஜனதாவைக் கட்டிக்கொண்டு போங்கள். காலையில் பஸ் ஏறும் முன் சாவி கொடுக்க மறக்காதீர்கள். நாளுக்கு இரண்டு நிமிஷம் முந்துகிறது என்றால் அதை முதலில் சரிசெய்துவிடுங்கள், அங்கே யாராவது போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.